ஜனவரியில் பிறக்கும் செனட்டர்கள்: வர்ஜீனியாவின் ஒரு செனட் மாவட்டம் எப்படி இயங்குகிறது?

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் முந்தின நாள் கொட்டிய பனி அப்போதுதான் நின்றிருந்தது. அந்தக் குளிரில் லவுடன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கிழக்குப் பகுதி மக்கள் வாக்களித்து, கண்ணன் ஸ்ரீனிவாசனை மாநில செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் சுகாஸ் சுப்ரமணியம். இரண்டு மாதம் முன்புதான் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வாகியிருந்தார்.

இந்தச் செய்தியைப் படித்த தமிழ் வாசகர்களுக்குச் சில குழப்பங்கள் வருவது இயல்பு. செனட்டர் என்றால் வாஷிங்டனில் இருக்கும் நூறு பேரில் ஒருவரா? பொதுத்தேர்தல் நவம்பரில் முடிந்த பிறகு ஜனவரியில் எதற்கு இன்னொரு தேர்தல்? ஒரு கவுண்டியின் ஒரு பகுதிக்கு மட்டும் நடந்த தேர்தலை மாநிலமே ஏன் கவனித்தது? அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான் இதெல்லாம் பிடிபடும்.

எந்த செனட்?

அமெரிக்காவில் செனட் என்ற பெயரில் பல அவைகள் இருக்கின்றன. வாஷிங்டனில் இருப்பது நாட்டுக்கான செனட். மாநிலத்துக்கு இருவர் என்று மொத்தம் 100 பேர். அது போக ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாகச் சட்டமன்றம் உண்டு. நெப்ராஸ்கா தவிர மற்ற 49 மாநிலங்களிலும் அது இரண்டு அவைகளாக இருக்கிறது. மேலவைக்குப் பெயர் மாநில செனட்.

வர்ஜீனியாவின் சட்டமன்றத்துக்கு ஜெனரல் அசெம்பிளி என்று பெயர். 1619இல் ஜேம்ஸ்டவுனில் கூடிய குடியேற்றக்காரர்களின் சபையிலிருந்து தன் வரலாற்றை அது கணக்கிடுகிறது. இன்று அதன் கீழவையான டெலிகேட்ஸ் சபையில் 100 பேர், இரண்டு ஆண்டுப் பதவிக்காலம். மேலவையான செனட்டில் 40 பேர், நான்கு ஆண்டுப் பதவிக்காலம்.

மேலவை என்றதும் 1986இல் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டமேலவை நினைவுக்கு வரலாம். அந்த ஒப்பீடு இங்கே வழிதவற வைக்கும். நம் மேலவையில் ஆசிரியர்கள், பட்டதாரிகள், உள்ளாட்சி உறுப்பினர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் எனத் தனித்தனிக் குழுக்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தன; சிலர் நியமிக்கப்பட்டார்கள். வர்ஜீனியா செனட்டரோ நம் எம்.எல்.ஏ. போலவே ஒரு தொகுதி மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு வருபவர். செனட் ஒப்புக்கொள்ளாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது. அங்கே 'மாவட்டம்' என்பதும் கலெக்டர் இருக்கும் மாவட்டத்தைக் குறிக்காது. நாம் தொகுதி என்று சொல்வதைத்தான் அவர்கள் அப்படி அழைக்கிறார்கள்.

எல்லைக்கோடு யார் கையில்

2020 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவின் மக்கள்தொகை 86,31,393. அதை 40 ஆல் வகுத்தால் ஒரு செனட் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 2,16,000 பேர். (அதே 40 செனட்டர்களை வைத்திருக்கும் கலிஃபோர்னியாவில் ஒரு மாவட்டத்துக்குப் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.) லவுடன் கவுண்டியின் மக்கள்தொகை மட்டும் 4,20,959. அதாவது இரண்டு மாவட்டங்களை ஏறக்குறைய நிரப்பும் அளவு.

மாவட்டங்கள் சம எடையில் இருக்க வேண்டும் என்பது 1964இல்தான் கட்டாயமானது. அதற்கு முன் பல மாநிலங்களில் ஆள் குறைந்த கிராமப்புறத்துக்கும் நெரிசலான நகர்ப்புறத்துக்கும் ஒரே அளவு பிரதிநிதித்துவம் இருந்தது. அவ்வாண்டு ஜூன் 15ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் 'ஒருவருக்கு ஒரு வாக்கு' விதி பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அலபாமாவிலிருந்து வந்த வழக்கைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே நாளில் வர்ஜீனியா வழக்கும் தீர்ந்தது. வாஷிங்டனை ஒட்டிய அர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ் பகுதியினர் தங்கள் வாக்கின் எடை குறைக்கப்படுகிறது என்று தொடுத்த வழக்கு அது. இன்று மாநிலத்தின் வடக்குப் பகுதிக்குச் சட்டமன்றத்தில் இருக்கும் பலத்துக்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

சரி, கோட்டை யார் போடுவது? நீண்ட காலம் சட்டமன்றமே போட்டது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்ததோ அது தனக்கு வசதியாக வளைத்தது. 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து இதை மாற்றினார்கள்: 8 சட்டமன்ற உறுப்பினர்களும் 8 பொதுமக்களும் கொண்ட ஆணையம் உருவானது. அந்த ஆணையம் முதல் முறையே கட்சி வாரியாகப் பிளந்து நின்றுவிட்டது. விவகாரம் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் இரு தரப்பும் பரிந்துரைத்தவர்களிலிருந்து பெர்னார்ட் குரோஃப்மன், ஷான் டிரெண்டே என்ற இரு வல்லுநர்களை அமர்த்தியது. அவர்கள் வரைந்த வரைபடத்துக்கு 2021 டிசம்பர் 28 அன்று ஒப்புதல் கிடைத்தது.

அந்த இருவரும் எந்த உறுப்பினர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று பார்க்காமல் வரைந்தார்கள். பலர் தங்கள் பழைய வாக்காளர்களை இழந்தார்கள். சிலர் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்க நேர்ந்தது. 2023 உட்கட்சித் தேர்தலில் பல செனட்டர்கள் தோற்றார்கள். இந்த வரைபடத்தில்தான் கிழக்கு லவுடன் 32ஆம் மாவட்டமானது.

பதவியில் என்ன இருக்கிறது?

சம்பளத்தைப் பார்த்தால் ஒன்றும் இல்லை போலத் தோன்றும். வர்ஜீனியா செனட்டரின் ஆண்டுச் சம்பளம் பல ஆண்டுகளாக 18,000 டாலர். இது பகுதிநேரப் பதவி என்பதே அங்குள்ள மரபு. ஜனவரி இரண்டாம் புதன்கிழமை அவை கூடும். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். ஒற்றைப்படை ஆண்டில் 30 நாள் என்று விதி, வழக்கமாக 46 நாளுக்கு நீட்டிப்பார்கள். அப்புறம் அவரவர் தொழிலைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

தகுதியும் எளிது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வாக்காளராக இருக்கத் தகுதி வேண்டும், அந்த மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும். பதவியில் இருக்கும்போது வீட்டை மாவட்டத்துக்கு வெளியே மாற்றினால் பதவி தானாகவே போய்விடும். எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். ரிச்சர்ட் சாஸ்லா 1980 முதல் 2024 ஜனவரி வரை செனட்டில் இருந்தார்.

ஆனால் அதிகாரம் பெரியது. இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண்ணில் படாமல் போகும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1. உள்ளாட்சியின் கடிவாளம். வர்ஜீனியாவில் கவுண்டிக்கும் நகராட்சிக்கும் மாநிலச் சட்டமன்றம் தெளிவாகக் கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு. இதை டில்லன் விதி என்பார்கள். ஒரு ஊர் தன் சதுக்கத்தில் நிற்கும் உள்நாட்டுப் போர்க்காலச் சிலையை எடுக்க நினைத்தாலும், கடைகளில் கொடுக்கும் பிளாஸ்டிக் பைக்கு ஐந்து சென்ட் வரி போட நினைத்தாலும், தன்னிச்சையாகச் செய்ய முடியாது. இந்த இரண்டுக்குமே 2020இல் சட்டமன்றம் அனுமதி கொடுத்த பிறகுதான் ஊர்களால் முடிவெடுக்க முடிந்தது.

2. நீதிபதிகள். மாநில நீதிபதிகளைச் சட்டமன்றமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலங்கள் அமெரிக்காவில் இரண்டுதான்: வர்ஜீனியாவும் தென் கரோலினாவும். உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 12 ஆண்டு, கீழே உள்ள சர்க்யூட் நீதிமன்ற நீதிபதிக்கு 8 ஆண்டு. மின்கட்டணத்தை முடிவு செய்யும் மாநிலக் கார்ப்பரேஷன் ஆணையத்தின் உறுப்பினர்களையும் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கிறது. லவுடன் மக்கள் நாள்தோறும் திட்டிக்கொண்டே பணம் கட்டும் டல்லஸ் கிரீன்வே என்ற தனியார் சாலையின் சுங்கக் கட்டணமும் அந்த ஆணையத்தின் கையில்தான்.

3. வரிச்சலுகை. லவுடனின் ஆஷ்பர்ன் வட்டாரம் முழுக்க டேட்டா சென்டர்கள். உலகிலேயே இவை மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் பகுதிகளில் ஒன்று. அங்கே வாங்கப்படும் கணினிக் கருவிகளுக்கு விற்பனை வரி விலக்கு அளிப்பது மாநிலச் சட்டம். இந்தச் சலுகை தொடரலாமா, இவற்றுக்கான மின்கம்பிகளின் செலவை யார் ஏற்பது என்பதெல்லாம் ஜெனரல் அசெம்பிளியில் பேசப்படும் விஷயங்கள்.

18,000 டாலர் சம்பளத்துக்கு இவ்வளவு அதிகாரம் என்பது எனக்குக் கவலை தரும் ஏற்பாடு. ஆண்டுக்கு இரண்டு மாதம் வேலையை விட்டு மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் போய் உட்கார முடிந்தவர்களால்தான் இந்தப் பதவிக்கு வர முடியும். மாநில வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வர்ஜீனியாவில் உச்சவரம்பே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒற்றைப்படை ஆண்டுத் தேர்தல்

அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும். வர்ஜீனியா, நியூ ஜெர்சி, மிசிசிப்பி, லூசியானா ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டும் தங்கள் சட்டமன்றத் தேர்தலை ஒற்றைப்படை ஆண்டில் வைத்திருக்கின்றன. வர்ஜீனியா செனட்டின் 40 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல்: 2019, 2023, அடுத்தது 2027. அந்த ஆண்டுகளில் கவர்னர் தேர்தலும் கிடையாது. மேலே பெரிய பெயர் எதுவும் இல்லாத வாக்குச்சீட்டுக்காக வருகிறவர்கள் குறைவு.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் ஜூன் மாதம் மூன்றாம் செவ்வாய். வர்ஜீனியாவில் வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்வதில்லை. பதிவு பெற்ற எந்த வாக்காளரும் இரண்டில் ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். 32ஆம் மாவட்டம் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமானது. அதனால் 2023இல் சுகாஸ் சுப்ரமணியம் நவம்பரில் சந்தித்த போட்டியை விட, ஜூனில் இப்ராஹீம் சமீராவை எதிர்த்து நின்றதே அதிக முக்கியத்துவம் உள்ளது.

இது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஒழுங்கான தேர்தல். லவுடன் மக்களுக்கு அதிகம் பழக்கமானது வேறு ஒன்று.

காலியிடங்களின் சங்கிலி

செனட்டர் இறந்தாலோ விலகினாலோ சில மாநிலங்களில் கட்சியோ கவர்னரோ உள்ளூர் அமைப்போ ஒருவரை நியமித்துவிடலாம். வர்ஜீனியாவில் நியமனம் கிடையாது, கட்டாயம் இடைத்தேர்தல்தான். அவை கூடியிருக்கும்போது காலியானால் அவைத் தலைமை தேர்தலுக்கு உத்தரவிடும். மற்ற நேரத்தில் கவர்னர். ஜனவரி இரண்டாம் வாரம் அவை கூடிவிடும் என்பதால், நவம்பர் தேர்தலில் மேல்பதவிக்குப் போனவர்களின் இடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலேயே நிரப்பப்படுகின்றன. 2025இல் வாக்குப்பதிவு ஜனவரி 7; அவை கூடியது அதற்கு மறுநாள்.

இப்போது கிழக்கு லவுடனையும் ஃபேர்ஃபாக்ஸின் ஒரு பகுதியையும் உள்ளடக்கியிருந்த பழைய 33ஆம் மாவட்டத்தின் கதையைப் பாருங்கள்.

2006 ஜனவரி: செனட்டர் வில்லியம் மிம்ஸ் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் பதவி ஏற்கப் போனார். இடைத்தேர்தலில் வென்றவர் மார்க் ஹெர்ரிங்.

2014 ஜனவரி: ஹெர்ரிங்கே அட்டர்னி ஜெனரல் ஆகிவிட்டார். இடைத்தேர்தலில் ஜெனிஃபர் வெக்ஸ்டன் வென்றார்.

2019 ஜனவரி: வெக்ஸ்டன் நாடாளுமன்றக் கீழவைக்குப் போய்விட்டார். இடைத்தேர்தலில் ஜெனிஃபர் பாய்ஸ்கோ. பாய்ஸ்கோ அதுவரை டெலிகேட் என்பதால் அவருடைய இடமும் காலியாகி, பிப்ரவரியில் இன்னொரு இடைத்தேர்தல். அதில் வென்றவர்தான் முன்பு சொன்ன இப்ராஹீம் சமீரா.

ஆக, 13 ஆண்டுகளில் ஒரே இடத்துக்கு மூன்று முறை புதியவர் வந்திருக்கிறார், மூன்று முறையும் குளிர்கால இடைத்தேர்தல் வழியாக. நோயின் காரணமாக வெக்ஸ்டன் 2024இல் மீண்டும் நிற்கவில்லை; அவருடைய நாடாளுமன்ற இடத்துக்குச் சென்றவர்தான் சுகாஸ் சுப்ரமணியம். எல்லைக்கோடும் எண்ணும் மாறியிருந்தன, ஆனால் 32ஆம் மாவட்டத்தில் அதே காட்சி. கண்ணன் ஸ்ரீனிவாசன் அதுவரை டெலிகேட்ஸ் சபையின் 26ஆம் மாவட்ட உறுப்பினராக இருந்தவர். அவர் செனட்டுக்கு நின்றதால் அந்த இடத்துக்கும் அதே ஜனவரி 7ஆம் தேதி இடைத்தேர்தல், வென்றவர் ஜே.ஜே. சிங். மேலே ஒரு படி நகர்ந்ததும் கீழே இரண்டு படிகள் காலியாகி நிரம்பின.

ஒரு நாற்காலியின் எடை

40 பேர் உள்ள அவையில் இரு கட்சிகளும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு 2014ஆம் ஆண்டை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அவ்வாண்டு ஜனவரியில் இரண்டு செனட் இடங்கள் காலி. ஒன்று ஹெர்ரிங்கின் 33. மற்றொன்று துணை ஆளுநராகத் தேர்வான ரால்ஃப் நார்தமின் 6ஆம் மாவட்டம். ஆறாம் மாவட்டத்தில் ஜனநாயகக் கட்சியின் லின்வுட் லூயிஸ், மறு எண்ணிக்கைக்குப் பிறகு 11 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவை 20க்கு 20 ஆனது. செனட்டுக்குத் தலைமை தாங்குபவர் துணை ஆளுநர். சமநிலையில் அவர் வாக்கு முடிவு செய்யும். நார்தம் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதால் அவை அக்கட்சியின் கைக்கு வந்தது.

அந்த ஆண்டின் பெரிய சண்டை மெடிகெய்ட் விரிவாக்கம். மெடிகெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. ஒபாமா காலச் சட்டத்தின்படி மாநிலங்கள் விரும்பினால் அதைக் கூடுதலான மக்களுக்கு விரிக்கலாம், பெரும்பகுதிச் செலவை வாஷிங்டன் ஏற்கும். செனட் சரி என்றது. டெலிகேட்ஸ் சபை மறுத்தது. வரவுசெலவுத் திட்டமே முடங்கியது. ஜூலை 1 புது நிதியாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 9ஆம் தேதி, தென்மேற்கில் நிலக்கரிச் சுரங்க மலைப்பகுதியான 38ஆம் மாவட்டத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஃபில் பக்கெட் விலகினார். மகளின் நீதிபதி நியமனத்துக்குத் தான் செனட்டில் இருப்பது தடையாக இருந்ததை அவர் ஒரு காரணமாகச் சொன்னார். (நீதிபதிகளைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இங்கே குறுக்கே வருவதைக் கவனியுங்கள்.) விலகலைச் சுற்றி எழுந்த கூட்டாட்சி விசாரணை யார் மீதும் வழக்கில்லாமல் முடிந்தது. ஆனால் அவை 20க்கு 19 என்று குடியரசுக் கட்சி பக்கம் சாய்ந்துவிட்டது. சில நாட்களில் விரிவாக்கம் இல்லாத வரவுசெலவுத் திட்டம் நிறைவேறியது.

ஆகஸ்ட் இடைத்தேர்தலில் அந்த இடத்தை வென்றவர் குடியரசுக் கட்சியின் பென் சாஃபின். நான்கு ஆண்டு கழித்து, 2018 மே 30 அன்று, விரிவாக்கம் செனட்டில் 23க்கு 17 என்று நிறைவேறியபோது கட்சியை மீறி ஆதரவாக வாக்களித்த நான்கு குடியரசுக் கட்சியினரில் சாஃபினும் ஒருவர். தன் மலைப்பகுதி மக்களுக்கும் அங்குள்ள மருத்துவமனைகளுக்கும் இது தேவை என்று அவர் முடிவெடுத்தார். ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குத் தகுதி கிடைத்தது. 2019 ஜனவரி 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. நடுவில் போன நாலரை ஆண்டுகளில் காப்பீடு இல்லாமல் நோயோடு இருந்தவர்களை நினைத்தால், ஒரு நாற்காலி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை வெறும் அரசியல் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை. சாஃபின் 2021 புத்தாண்டு நாளில் கொரோனாவால் இறந்தார். அவர் இடமும் இடைத்தேர்தலில்தான் நிரம்பியது.

2025 ஜனவரிக்கும் இதே கணக்கு பொருந்தும். 2023 தேர்தல் முடிவில் செனட் 21க்கு 19 என்று ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. 32ஆம் மாவட்டம் கைமாறியிருந்தால் 20க்கு 20. அப்போதைய துணை ஆளுநர் வின்சம் எர்ல்-சியர்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். மாநிலமே கவனித்தது இதனால்தான்.

உண்மையில் தேர்ந்தெடுப்பது யார்?

இடைத்தேர்தல் அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே சில வாரங்களே இருக்கும். முழு உட்கட்சித் தேர்தல் நடத்த நேரம் போதாது. அதனால் கட்சிகள் தாங்களே செலவு செய்து, ஓரிரு இடங்களில் சில மணி நேரம் மட்டும் வாக்குப்பெட்டி வைத்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். பேச்சுவழக்கில் இதற்கு 'ஃபயர்ஹவுஸ் பிரைமரி' என்று பெயர். ஊர்த் தீயணைப்பு நிலையம் போன்ற பொது இடங்களில் நடப்பதால் வந்தது. வழக்கமான வாக்குச்சாவடிகள் கிடையாது. தகவல் தெரிந்தவர்கள், வேட்பாளரின் ஆட்கள் அழைத்து வந்தவர்கள், வரிசையில் நிற்க நேரம் கிடைத்தவர்கள் வருவார்கள்.

32 போல ஒரு கட்சிக்கு உறுதியான மாவட்டத்தில் இதன் பொருள் என்ன? சுமார் 2,16,000 பேருக்கான பிரதிநிதி அந்தச் சில மணி நேரத்தில் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறார். 2024 நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே இந்தக் கட்டம் வந்து போய்விட்டது. பலர் அப்படி ஒன்று நடந்ததையே அறியவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏற்பாடுதான் அப்படி. கூடுதல் அவகாசமும் எல்லா வாக்குச்சாவடிகளும் கொண்ட முறையான உட்கட்சித் தேர்தலை இடைத்தேர்தல்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. செலவு கூடும். ஆனால் அதே இடத்துக்கு மறுபடி மறுபடி இந்த வழியாகவே ஆள் வரும்போது, இதை அவசரகால ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

2025 நவம்பரில் ஹைதராபாத்தில் பிறந்த கசாலா ஹாஷ்மி துணை ஆளுநராக வென்றார். அவர் அதுவரை 15ஆம் மாவட்டத்தின் செனட்டராக இருந்தவர். அந்த இடத்துக்கும் 2026 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. இன்று செனட் சமநிலையில் நின்றால் வாக்களிக்க வேண்டியவர் அவர்.

இடைத்தேர்தலில் வந்தவருக்கு முழு நான்கு ஆண்டு கிடையாது; மீதிக் காலம் மட்டுமே. 32ஆம் மாவட்டத்தின் இப்போதைய பதவிக்காலம் 2028 ஜனவரியில் முடிகிறது. அடுத்த முழுத் தேர்தல் 2027 நவம்பர் 2ஆம் தேதி, உட்கட்சித் தேர்தல் அவ்வாண்டு ஜூன் மூன்றாம் செவ்வாய். அங்கு வாழும் தமிழர்கள் குறித்துவைக்க வேண்டியது ஜூன் தேதியை.